கர்னல் மாறியதும் கணினி மந்தமானால்: எங்கே தொடங்குவது?

உபுண்டு அப்டேட் செய்யட்டுமா என்று கேட்டது, சரி என்றீர்கள், ரீஸ்டார்ட் ஆனது. நேற்றுவரை இரண்டு நொடியில் திறந்த ஃபயர்ஃபாக்ஸுக்கு இன்று பத்து நொடி ஆகிறது. ஜன்னலைப் பிடித்து இழுத்தால் விட்டு விட்டு நகர்கிறது. ஒன்றும் ஓடாதபோதே விசிறி இரைகிறது. லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். காரணம் தெரிந்தபின் சரிசெய்வது அதைவிடச் சுலபம்.

அந்த அப்டேட்டில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் மாறியிருக்கலாம். எதை மாற்றுவதற்கும் முன்னால், கர்னல்தான் காரணமா என்பதை உறுதிசெய்ய வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் நான் வற்புறுத்தப்போவது இதைத்தான். மந்தத்தை நீக்க இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பவர்கள் கடைசியில் எது உதவியது, எது கெடுத்தது என்றே தெரியாத நிலையில் நிற்கிறார்கள்.

என் எடுத்துக்காட்டுகள் உபுண்டு 24.04-ஐ ஒட்டியவை. லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்பதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். முடிந்த இடங்களில் மவுஸால் செய்யும் வழியையே சொல்லியிருக்கிறேன்.

கர்னல் ஏன் மாறுகிறது?

வன்பொருளுக்கும் நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் நடுவில் இருப்பது கர்னல். பிராசசரை யாருக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது, வட்டில் யார் எழுதுவது, திரையில் யார் வரைவது என்பதையெல்லாம் அதுதான் பங்கிட்டுக் கொடுக்கிறது. கிராஃபிக்ஸ், வைஃபை, ஒலி ஆகியவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருள்களும் பெரும்பாலும் அதனுடனேயே வருகின்றன.

உபுண்டு 24.04 வெளியான 2024 ஏப்ரலில் அதன் கர்னல் 6.8. 24.04.2 வந்தபோது 6.11 ஆனது, 24.04.3-இல் 6.14 ஆனது. பதிப்பு அதே 24.04 என்பதால் எதுவும் மாறவில்லை என்று தோன்றும். அடியில் அஸ்திவாரமே மாறியிருக்கும். அவ்வப்போது வரும் சிறு பாதுகாப்புத் திருத்தங்களால் மந்தம் வருவது அரிது. இப்படி 6.8-லிருந்து 6.11-க்குத் தாவும்போதுதான் கவனம் தேவை.

மந்தத்தை எழுதிவையுங்கள்

"மெதுவாக இருக்கிறது" என்பதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தாளும் கைபேசியின் ஸ்டாப்வாட்சும் எடுத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு, மூன்றை அளந்து எழுதுங்கள்: பிரவுசர் திறக்க எத்தனை நொடி, லிப்ரேஆஃபிஸ் திறக்க எத்தனை நொடி, ஒரு வீடியோ ஓடும்போது சிஸ்டம் மானிட்டரில் பிராசசர் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது. கூடவே எது மந்தம் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். திறக்கும்போது மட்டுமா, எப்போதுமா? ஒரே செயலியா, எல்லாமா? தொடர்ந்து மெதுவா, நடுநடுவே ஒரு நொடி உறைந்து பிறகு ஓடுகிறதா?

இந்த ஒரு வரியே பல சமயம் விடையைக் காட்டிக்கொடுக்கும். ஒரு செயலி திறக்க ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 25 நொடி எடுத்துக்கொண்டு, திறந்தபின் வழக்கம்போல ஓடினால், கர்னலை விட்டுவிடலாம். செயலிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் டி-பஸ் என்ற அமைப்பில், பதில் வராவிட்டால் காத்திருக்கும் இயல்பான வரம்பு 25 நொடி. பின்னணியில் ஏதோ ஒரு சேவை எழுந்திருக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் அது 'எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல்' என்ற பெயரில் ஓடும் சேவையாக இருக்கும்.

பழைய கர்னலில் ஏறிப் பாருங்கள்

இதுதான் முக்கியமான சோதனை. புதிய கர்னலை நிறுவும்போது உபுண்டு பழையதை உடனே அழித்துவிடுவதில்லை. கணினியை ரீஸ்டார்ட் செய்து, தயாரிப்பாளரின் சின்னம் வந்து மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒரே ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) முறையில் இயங்கும் கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்திருங்கள். கிரப் என்ற பட்டியல் வரும். எஸ்கேப்பைக் கூடுதலாகத் தட்டிவிட்டால் பட்டியலுக்குப் பதிலாக 'கிரப்' என்ற சொல்லோடு ஒரு கருப்புத் திரை நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை, மறுபடி ரீஸ்டார்ட் செய்து முயலுங்கள்.

பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வரியில் என்டர் தட்டினால், நிறுவப்பட்டிருக்கும் கர்னல்கள் எல்லாம் எண்களோடு தெரியும். 'ரெக்கவரி மோட்' என்று எழுதாத, முந்தைய எண் கொண்ட வரியைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே நுழைந்ததும் டெர்மினலில் 'யூநேம் -ஆர்' என்று அடித்தால் இப்போது எந்தக் கர்னலில் இருக்கிறீர்கள் என்று சொல்லும். அமைப்புகளில் சிஸ்டம், அபவுட், சிஸ்டம் டீட்டெயில்ஸ் என்று போனாலும் தெரியும். மறுபடியும் ஐந்து நிமிடம் காத்திருந்து, அதே மூன்றையும் அளந்து, முதல் அளவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பழைய கர்னலிலும் அதே மந்தம் என்றால்

அப்படியானால் குற்றவாளி வேறு. கர்னல் அப்டேட் தனியாக வருவது குறைவு. அதே நாளில் பிரவுசர், மேசா என்ற கிராஃபிக்ஸ் நூலகம், டெஸ்க்டாப் சூழல் எல்லாம் சேர்ந்தே மாறியிருக்கும். ரீஸ்டார்ட் கேட்டது கர்னல் என்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

ஃபைல் மேனேஜரில் 'வார்' என்ற கோப்புறைக்குள் 'லாக்', அதற்குள் 'ஏபிடி' என்று போங்கள். 'ஹிஸ்டரி' என்று தொடங்கும் கோப்பில், எந்த நாளில் எந்தெந்தப் பொதி (பேக்கேஜ்) மாறியது என்பது தேதியோடு இருக்கும். ஸ்னாப் வடிவில் வரும் செயலிகள் அந்தக் கோப்பில் வராது. அவை உங்களைக் கேட்காமலே பின்னணியில் புதுப்பித்துக்கொள்ளும். 'ஸ்னாப் சேஞ்சஸ்' என்று அடித்தால் அண்மை மாற்றங்கள் தெரியும். உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து சிஸ்டம் மானிட்டரில் பிராசசர் சதவீதத்தின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். மேலே 'டிராக்கர்-மைனர்' நின்றால், உங்கள் கோப்புகளைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்திக்கொண்டிருக்கிறது. கேடிஇ சூழலில் இதே வேலையைச் செய்வது 'பாலூ'. ஒரு மணி நேரம் விட்டால் தானாக அடங்கிவிடும். க்னோம் எக்ஸ்டென்ஷன்கள் போட்டிருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்நுழைந்து பாருங்கள். வட்டு நிரம்பியிருக்கிறதா என்பதையும் 'டிஎஃப் -எச்' கட்டளையால் பாருங்கள். குறிப்பாக, வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து நிறுவியவர்களுக்கு 'பூட்' என்பது தனிச் சிறு பகுதியாக இருக்கும். பழைய கர்னல்களால் அது நிரம்பிவிட்டால் புதிய கர்னல் அரைகுறையாகத்தான் நிறுவப்படும்.

பழையதில் வேகம், புதியதில் மந்தம் என்றால்

இப்போது கர்னலைத் தைரியமாகச் சந்தேகிக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது கிராஃபிக்ஸ். என் அனுபவத்தில் இப்படி வரும் புகார்களில் மிக அதிகமானவை இங்கேதான் முடிகின்றன.

புதிய கர்னலில் ஏறி, அமைப்புகளின் அபவுட் பக்கத்தில் கிராஃபிக்ஸ் என்ற வரியைப் படியுங்கள். உங்கள் இன்டெல், ஏஎம்டி அல்லது என்விடியா கார்டின் பெயர் இருந்தால் நல்லது. 'எல்எல்விஎம்பைப்' என்றோ 'சாஃப்ட்வேர் ரெண்டரிங்' என்றோ இருந்தால் விடை கிடைத்துவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் பிராசசரே கணக்குப்போட்டு வரைந்துகொண்டிருக்கிறது. ஜன்னல் தடுக்கித் தடுக்கி நகர்வதும், விசிறி இரைவதும், வீடியோ ஓடும்போது பிராசசர் 80 சதவீதத்தைத் தொடுவதும் இதனால்தான். ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் சந்தேகம் என்றால், முகவரிப் பட்டையில் 'அபவுட்:சப்போர்ட்' என்று அடித்து, கிராஃபிக்ஸ் பகுதியில் 'கம்போசிட்டிங்' வரியைப் பாருங்கள். அங்கே 'வெப்ரெண்டர்' என்பதோடு 'சாஃப்ட்வேர்' என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் அதே கதை.

கார்டு ஏன் கைவிடப்பட்டது? இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் கர்னலோடு வருபவை. அவற்றில் சிக்கல் என்றால், கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல் போயிருக்கலாம், அல்லது கர்னலின் கூடுதல் டிரைவர்கள் அடங்கிய பொதி நிறுவப்படாமல் விடுபட்டிருக்கலாம். உபுண்டுவில் அந்தப் பொதியின் பெயர் 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' என்று தொடங்கிக் கர்னலின் எண்ணோடு முடியும். 'சூடோ டிமெசேஜ்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்தாக அடித்து, வரும் செய்திகளில் 'ஃபர்ம்வேர்', 'ஃபெயில்டு' என்ற சொற்கள் ஒரே வரியில் வருகின்றனவா என்று தேடுங்கள். வந்தால் 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' பொதியைப் புதுப்பித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

என்விடியாவின் டிரைவர் தனிவகை. அது கர்னலுக்கு வெளியிலிருந்து வருவதால் ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் பொருத்தமாகப் புதிதாகக் கட்டப்பட வேண்டும். பல கணினிகளில் இந்த வேலையை டிகேஎம்எஸ் என்ற கருவி தானாகச் செய்கிறது. அதற்கு அந்தக் கர்னலின் ஹெடர் கோப்புகள் தேவை. அவை இல்லாவிட்டாலோ, உங்கள் டிரைவர் பதிப்பு புதிய கர்னலைவிட மிகப் பழையதாக இருந்தாலோ கட்டும் வேலை பாதியில் நின்றுவிடும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று அடித்துப் பாருங்கள். உங்கள் புதிய கர்னலின் எண்ணுக்கு எதிரே 'இன்ஸ்டால்டு' என்று இருக்க வேண்டும். பழைய எண் மட்டும் இருந்தால், 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' என்று தொடங்கும், புதிய கர்னலின் எண்ணோடு முடியும் பொதியை நிறுவுங்கள். பிறகு 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' ஜன்னலின் 'அடிஷனல் டிரைவர்ஸ்' பக்கத்தில், பரிந்துரைக்கப்பட்டது என்று குறித்திருக்கும் டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். டிகேஎம்எஸ் பட்டியலில் என்விடியாவே இல்லையென்றால், உங்களுக்கு உபுண்டு கட்டிக் கொடுத்த டிரைவர் வந்துகொண்டிருந்தது என்று பொருள். அப்போதும் இதே பக்கம்தான் வழி.

இன்னொரு கண்ணி செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவர்களை ஏற்க மறுக்கும் பாதுகாப்பு வசதி. என் அக்கா வீட்டு டெஸ்க்டாப்பில் நடந்ததைச் சொன்னால் புரியும். பழைய கர்னலுக்கு உபுண்டுவே கையொப்பமிட்டுக் கொடுத்த என்விடியா டிரைவர் இருந்தது. புதியதற்கு அந்தக் கணினியிலேயே டிரைவர் கட்டப்பட்டது. அப்படிக் கட்டப்பட்டதை நம்பலாமா என்று கணினி ஒருமுறை உரிமையாளரிடம் கேட்கும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டு, ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத்திரை ஒன்றைக் காட்டும். அதில் 'என்ரோல் மாக்' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அக்கா மகன் நீலத்திரையைப் பார்த்துப் பயந்து, முதலில் இருந்த 'கன்டினியூ பூட்' என்பதைத் தட்டிவிட்டான். டிரைவர் சரியாகக் கட்டப்பட்டு வட்டில் இருந்தும் கர்னல் அதை ஏற்க மறுத்துவிட்டது. இரண்டு வாரம் அந்தப் பிள்ளை மந்தமான கணினியில் பாடம் படித்திருக்கிறான் என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான். 'சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ' என்று அடித்தால் கணினி மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கும். இம்முறை நீலத்திரையில் அவசரப்படாமல் படித்துத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு கேள்வி மிச்சம். எப்போதோ நிறுவும்போது திரை வராமல் போய், யாரோ சொல்லி 'நோமோட்செட்' என்ற சொல்லைப் பூட் வரியில், அதாவது கர்னல் தொடங்கும்போது படிக்கும் வரியில், சேர்த்தீர்களா? அது இருக்கும்வரை கிராஃபிக்ஸ் டிரைவர்கள் முழுமையாக வேலை செய்யாது. புதிய கர்னலுக்கு அது தேவையே இல்லாமல் இருக்கலாம். எடுத்துவிட்டுப் பாருங்கள்.

பிராசசர் முழு வேகத்தில் ஓடுகிறதா?

கிராஃபிக்ஸ் சரியாக இருந்தும் எல்லாமே மந்தம் என்றால் அடுத்தது இது. திரையின் மேல் வலது மூலையைத் தட்டினால் பவர் மோட் தெரியும். 'பவர் சேவர்' என்று இருந்தால் 'பேலன்ஸ்டு' ஆக்குங்கள். அற்பமான விஷயமாகத் தோன்றினாலும் முதலில் இதைப் பாருங்கள்.

பிறகு பிராசசருக்கு வேலை கொடுத்துக்கொண்டே, அதாவது ஒரு கனமான இணையப் பக்கமோ வீடியோவோ ஓடும்போதே, 'எல்எஸ்சிபியு' என்று அடியுங்கள். 'ஸ்கேலிங் மெகாஹெர்ட்ஸ்' என்ற வரியில் ஒரு சதவீதம் வரும். வேலை செய்யும்போது அது ஏறி இறங்குவதுதான் இயல்பு. எவ்வளவு வேலை கொடுத்தாலும் 10, 15 சதவீதத்திலேயே ஆணியடித்ததுபோல நின்றால், பிராசசர் கட்டிப்போடப்பட்டிருக்கிறது.

கர்னல் மாறும்போது இது ஏன் நடக்கிறது? பிராசசரின் வேகத்தை ஏற்றி இறக்கும் டிரைவரும் கர்னலுக்குள்தான் இருக்கிறது. 2023-இல் வந்த 6.5 கர்னலிலிருந்து, புதிய ஏஎம்டி பிராசசர்கள் பலவற்றில், பயாஸ் இடம்கொடுத்தால், பழைய ஏசிபிஐ முறைக்குப் பதிலாக 'ஏஎம்டி பிஸ்டேட்' என்ற டிரைவர் தானாக இயங்கத் தொடங்கியது. பெரும்பாலோருக்கு இது நன்மையே. பயாஸ் பழையதாக இருக்கும் சில கணினிகளில் சிக்கல் வரலாம், பயாஸைப் புதுப்பிப்பதே அதற்கு நேரான வழி. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து டிஎல்பி என்ற பேட்டரிக் கருவியை நிறுவியிருந்தால் அது உபுண்டுவின் சொந்தப் பவர் சேவையோடு மோதும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் என்றால் ஒரு எளிய சிகிச்சையும் உண்டு. முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, மறுபடி சார்ஜரைச் செருகி இயக்குங்கள். சார்ஜரை அடையாளம் காணாத சில லேப்டாப்கள் பிராசசரைக் குறைந்த வேகத்தில் பூட்டிவைக்கும், இதில் அந்தப் பூட்டு விடுபடும்.

பலரும் பார்க்காத கடிகாரம்

இது அரிதுதான், ஆனால் வந்தால் ஆளை அலைக்கழித்துவிடும். பிராசசர் முழு வேகத்தில் இருக்கும், கிராஃபிக்ஸ் சரியாக இருக்கும், ஆனாலும் பிரவுசரும் விளையாட்டும் பிசுபிசுவென்று ஓடும். செயலிகள் "இப்போது நேரம் என்ன" என்று ஒரு நொடிக்குள் எத்தனையோ முறை கேட்டுக்கொண்டே இருக்கின்றன. சாதாரணமாக பிராசசருக்குள் இருக்கும் டிஎஸ்சி என்ற எண்ணியைப் பார்த்துக் கர்னலின் வாசலைத் தட்டாமலே பதில் பெற்றுவிடும். பூட் ஆகும்போது அந்த எண்ணி நம்பத்தகுந்ததாக இல்லை என்று கர்னலுக்குத் தோன்றினால், மதர்போர்டில் உள்ள எச்பிஇடி என்ற வேறொரு கடிகாரத்துக்கு மாறிவிடும். அதைப் படிக்க ஒவ்வொரு முறையும் கர்னலுக்குள் போய்வர வேண்டும். சிறு தாமதம்தான், ஆனால் எத்தனை முறை!

முன்பு சொன்ன டிமெசேஜ் கட்டளையின் செய்திகளில் 'டிஎஸ்சி' என்பதும் 'அன்ஸ்டேபிள்' என்பதும் ஒரே வரியில் இருந்தால் இதுதான் காரணம். பயாஸைப் புதுப்பித்துவிட்டு, ரீஸ்டார்ட்டாக இல்லாமல் முழுதாக அணைத்து இயக்கிப் பாருங்கள். டிஎஸ்சியையே நம்பு என்று கர்னலைக் கட்டாயப்படுத்தும் பூட் சொற்கள் உண்டு. புதியவர்கள் அதைத் தொட வேண்டாம், கடிகாரம் உண்மையிலேயே பிசகியிருந்தால் வேறு கோளாறுகள் வரும்.

நடுநடுவே மட்டும் உறைந்தால்

இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில், தட்டச்சு செய்த எழுத்து ஒரு கணம் தாமதித்துத் திரையில் வருகிறதா? திரை அசையாதபோது மின்சாரம் சேமிக்கும் பிஎஸ்ஆர் என்ற வசதி காரணமாக இருக்கலாம். கிரப் பட்டியலில் 'ஈ' விசையைத் தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0' என்று சேர்த்து, எஃப்10 தட்டினால் அந்த ஒருமுறைக்கு மட்டும் அது அணைந்திருக்கும். பலன் இருந்தால் நிரந்தரமாக்கலாம்.

ஏஎம்டி ரைசன் கணினிகளில் 2022 டிசம்பரில் வந்த 6.1 கர்னலுக்குப்பின் சிலருக்கு இப்படி உறைதல் வந்தது. பாதுகாப்புக்காக உள்ள எஃப்டிபிஎம் பகுதியிலிருந்து கர்னல் அடிக்கடி தற்செயல் எண்களைக் கேட்டு வாங்கியதும், அந்தப் பகுதி பதில் சொல்லும்வரை கணினி நின்றதும்தான் காரணம். 2023-இல் கர்னலிலேயே அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. கர்னலில் உண்மையான தவறு இருந்து, பயனர்கள் சொன்னதால் திருத்தப்பட்டதற்கு இது நல்ல சான்று.

இதை மட்டும் செய்யாதீர்கள்

லினக்ஸை வேகமாக்கும் வழி என்று தேடினால் 'மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்' என்ற பூட் சொல் முதல் சில விடைகளிலேயே வரும். 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் முதலான பிராசசர் ஓட்டைகளுக்குக் கர்னல் போட்டிருக்கும் காவலை எல்லாம் இது எடுத்துவிடும். வங்கிக் கணக்கும் கடவுச்சொற்களும் இருக்கும் கணினியில், ஏதோ ஒரு வலைத்தளத்தின் நிரல் பிரவுசருக்குள் ஓடும் கணினியில், இது வேண்டவே வேண்டாம். பத்து நொடி மந்தத்துக்குக் காரணம் அந்தக் காவலாக இருப்பதும் மிக அரிது.

அதுவரை பழைய கர்னலில் இருக்கலாமா?

சில வாரங்கள் இருக்கலாம். கிரப் பட்டியலில் ஒவ்வொரு முறையும் பழையதைத் தேர்ந்தெடுங்கள். அந்த நாட்களில் 'ஆட்டோரிமூவ்' கட்டளையை ஓட்ட வேண்டாம், அது பழைய கர்னலை நீக்கிவிடலாம். மின்ட் பயன்படுத்துபவர்களுக்கு அப்டேட் மேனேஜரின் 'வியூ' பட்டியலில் கர்னல்களுக்கென்றே தனி ஜன்னல் உண்டு, அங்கே வேண்டியதை நிறுவவும் நீக்கவும் முடியும். மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிடாதீர்கள். பழைய கர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும்.

இடையில் பிழை அறிக்கை ஒன்று அனுப்புங்கள். டெர்மினலில் 'உபுண்டு-பக் லினக்ஸ்' என்று அடித்தால் தேவையான விவரங்களை அதுவே திரட்டி லாஞ்ச்பேட் தளத்துக்கு அழைத்துச் செல்லும். முன்பு நன்றாக ஓடியது புதிய கர்னலில் மோசமாக ஓடினால், அதைப் பின்னடைவு என்று எடுத்துக்கொண்டு திருத்த வேண்டும் என்பது கர்னல் திட்டத்தின் சொந்த விதி. மந்தமும் அதில் அடங்கும். அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்தால் திருத்துபவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி: கடைசியாக நன்றாக ஓடிய கர்னலின் எண், முதன்முதலில் மந்தமான கர்னலின் எண். தாளில் எழுதிய மூன்று அளவுகளையும் இரண்டு கர்னலுக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்த கர்னல் அப்டேட் வந்ததும் அதில் ஏறி, ஐந்து நிமிடம் காத்திருந்து, அதே மூன்றை மறுபடி அளந்து பாருங்கள். பழைய அளவுக்குத் திரும்பியிருந்தால், இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பழைய கர்னலை நீக்கிக்கொள்ளலாம்.